மூன்று முறை கழுவிய சிலிண்டர்

திருநீறு பூசாமல் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பிறந்த வீட்டிலும் அப்படித்தான், கல்யாணமாகி வந்த வீட்டிலும் அப்படித்தான். ஆனால் திருநீற்று மடலில் கை வைக்கும்போது ஒரு நொடி விரல் தயங்கி நிற்கும். மனசுக்குள் மந்திரம் சொல்கிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று இத்தனை வருஷம் விட்டுவிட்டேன். அது மந்திரம் இல்லை. என்ன என்பதை இப்போது எழுதிவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைச் சொல்கிறேன். மற்றதைப் பொறுக்க வேண்டியவர் வேறொருவர்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பத்து வயது. திருவரங்குளத்துக்குக் கொஞ்சம் கிழக்கே தள்ளி எங்கள் ஊர். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வயல் கிணற்றுக்கு ஓர் எண்ணெய் இஞ்சின் வாங்கிப் போட்டிருந்தார்கள். திருச்சிராப்பள்ளியில் யாரோ ஓட்டிச் சலித்ததை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது. சுற்று வட்டாரத்தில் அதுதான் முதல் இஞ்சின் என்று பெரியப்பா பெருமை பேசுவார். நாலு மைலில் இன்னொரு ஊரில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாலு மைலைத் தன் வட்டாரத்தில் சேர்க்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அந்த இஞ்சினுக்குத் தலையில் ஓர் இரும்புக் குமிழ் உண்டு. ஊதுவிளக்கை வைத்து அதைக் கால் மணி நேரம் பழுக்கக் காய்ச்ச வேண்டும். பிறகு பக்கத்திலிருக்கும் பெரிய சக்கரத்தை இரண்டு பேர் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிவிட்டால் 'டொப்' என்று ஒரு குரல் கொடுத்துப் புறப்படும். புறப்பட்டுவிட்டால் கிணற்றுத் தண்ணீர் ஓர் ஆள் தொடைப் பருமனுக்கு வாய்க்காலில் வந்து விழும். கவலைச் சால் இழுக்கிற மாடுகள் நாள் முழுக்க இறைத்ததை இது ஒரு மணி நேரத்தில் இறைத்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் கண்மாய் தரை தட்டியது. மார்கழியில் சம்பா நெல் கதிர் வாங்கி நிற்கிறது. பால் பிடிக்க இன்னும் மூன்று வாரம் தண்ணீர் வேண்டும். அந்த நேரம் பார்த்து இஞ்சின் முரண்டு பிடித்தது. காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தார்கள். சக்கரத்தை ஆட்டி ஆட்டிப் பெரியப்பாவின் தோள்பட்டை வீங்கியது. இஞ்சின் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மிஸ்திரியை வரவழைத்தார்கள். சைக்கிளின் பின்னால் ஒரு சாக்குப் பை, பை நிறையச் சாமான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை. வேதக்காரர். ஒல்லியாக, அப்பாவை விடக் கொஞ்சம் இளையவராக இருந்தார். வந்ததும் பையைக்கூட இறக்காமல் சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுற்றி, இஞ்சினின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"மூச்சு வாங்குதுங்க" என்றார். "சிலிண்டரும் தேஞ்சு போச்சு, ரிங்கும் தேஞ்சு போச்சு. பிஸ்டன் அமுக்குற காத்தெல்லாம் ஓரத்து வழியா ஓடிருது. அப்புறம் எங்கிட்டு வெடிக்கும்?"

"புது ரிங்கு வாங்கிப் போட்றலாம்ல?" என்றார் பெரியப்பா.

"புது ரிங்கு கப்பல்ல வரணுங்கய்யா. கப்பலெல்லாம் சண்டைக்குப் போயிருக்கு."

அப்பா சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. தன்னிடம் ஒருவன் விளையாட்டாகப் பேசுவது அவருக்கு ஆகாது.

புதுக்கோட்டையில் உடைந்த பழைய இஞ்சின் ஒன்றின் வார்ப்பு இரும்பு கிடப்பதாகவும், கடைசல் பட்டறையில் கொடுத்து அதிலிருந்து ரிங்கு அறுத்து வரலாம் என்றும் மிஸ்திரி சொன்னார். போய்விட்டு இரண்டு நாளில் ஐந்து ரிங்குகளோடு வந்தார். வேண்டியது மூன்று. "இது கண்ணாடி வளையல் மாதிரிங்க. போடுறப்ப ஒடிஞ்சாலும் ஒடியும். அதான் ரெண்டு கூட" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு அப்போது பரீட்சை விடுமுறை. நான் பகல் முழுக்க இஞ்சின் கொட்டகையில்தான் கிடந்தேன். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். எங்கள் வீட்டுக்கு வருகிற கணக்குப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். மிஸ்திரிக்கு மட்டும் சோறு ஏன் கொட்டகைக்குப் போகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இஞ்சின் அங்கே இருக்கிறது, அதனால் அவர் அங்கே சாப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அவர் என்னைப் போ என்று விரட்டவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். அந்த இஞ்சினுக்கு வால்வு கிடையாதாம். சிலிண்டர்ச் சுவரிலேயே இரண்டு சன்னல். ஒன்றின் வழியாகப் புகை போகும், இன்னொன்றின் வழியாகப் புதுக்காற்று வரும். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது அதுவே சன்னலைத் திறந்து அதுவே சாத்திக்கொள்ளும். பிஸ்டனைச் சுற்றி ரிங்கு உட்காரும் பள்ளத்தில் ஒரு சின்ன ஆணி அடித்திருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"ரிங்குக்கு ரெண்டு முனை இருக்குல்ல பாப்பா? அது சுத்திக்கிட்டே வந்து சன்னல்ல தலைய நீட்டுச்சுன்னா மாட்டிக்கிட்டு ஒடிஞ்சு போகும். நீட்டாம இருக்கத்தான் ஆணி. பொம்பளப் புள்ளைய வீட்டுல சொல்லுவாங்கல்ல, சன்னல்கிட்ட நிக்காதேன்னு. அது மாதிரி" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

சிலிண்டரைக் கழற்றி ஒரு பலகைமேல் வைத்தார். "கைய உள்ள விடு. ஒன் விரலு சின்னது, அதுக்கு நல்லாத் தெரியும்" என்றார். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே என் விரல் ஒரு படியில் இடறியது. பிஸ்டன் போய்ப் போய்த் தேய்ந்த இடமும் தேயாத இடமும் சேரும் படி. அதை எடுத்துவிட்டால்தான் புது ரிங்கு சுவரோடு சுவராகப் படியும் என்றார்.

அதற்கு அவர் செய்ததை நான் இமை கொட்டாமல் பார்த்தேன். பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி. எமரிப் பொடி என்றார். அதை எண்ணெயில் குழைத்து, சிலிண்டர் அளவுக்குக் கடைந்த ஒரு மரக்கட்டையில் பூசி, உள்ளே விட்டு மேலும் கீழும் திருகித் திருகித் தேய்த்தார். இரண்டு நாள் தேய்த்தார். இரண்டாம் நாள் மாலை என் விரல் எங்கும் இடறவில்லை. ஆற்றில் உருண்டு தேய்ந்த கூழாங்கல் மாதிரி வழுவழு என்றிருந்தது. ரிங்குகளை உள்ளே வைத்து, முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் சவர பிளேடுகளைச் சேர்த்துவைத்துச் செருகிப் பார்த்தார். "அஞ்சு போகணும். ஆறாவது போகக் கூடாது." ஐந்து போயின. ஆறாவது போகவில்லை.

பிறகு கழுவல். சீமெண்ணெய்க்குப் பங்கீட்டு அட்டை போட்டிருந்த காலம். வீட்டில் விளக்குத் திரியைக்கூட இறக்கித்தான் வைப்போம். மிஸ்திரி ஒரு முறை சீமெண்ணெய் விட்டுக் கழுவினார். இரண்டாம் முறை கேட்டபோது பெரியப்பா முணுமுணுத்தார். மூன்றாம் முறை கேட்டபோது, "இது இஞ்சினுக்குக் குளிப்பாட்டா, கும்பாபிஷேகமா?" என்று கேட்டுவிட்டு, அளந்து ஊற்றிவிட்டு எழுந்து போனார். ஆகவே மூன்றாம் கழுவலின்போது கொட்டகையில் இருந்தது மிஸ்திரியும் நானும் மட்டும்தான்.

கழுவி முடித்து ஒரு வெள்ளைத் துணியை என்னிடம் கொடுத்தார். "உள்ள தொடச்சுப் பாரு." துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. "ஒரு அழுக்கு இல்லைல? எமரி இருக்கே, அது இரும்பையே தின்னுற பொடி. ஒரு துளி உள்ள தங்குச்சுன்னாலும் ரெண்டே நாள்ல புது ரிங்கையும் தின்னுரும். எமரின்னு இல்ல, எந்தப் பொடியும் ஆகாது. ஒரு மணல் ஆகாது." இதை அவர் என்னிடம்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லாதபடி சொன்னார்.

மறுநாள் திருவாதிரை. விடியற்காலையில் வண்டி கட்டிக்கொண்டு திருவரங்குளம் கோயிலுக்குப் போனோம். என்னைப் பெற்ற ஆத்தா இஞ்சினுக்கென்றே தனியாக அர்ச்சனை செய்தாள். குருக்கள் கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தை, பெரியதாகவே கொடுத்திருந்தார், என் கையில் தந்து பத்திரம் என்றாள். திரும்பும் வழியில் எங்களைக் கொட்டகையில் இறக்கிவிட்டு, ஆத்தாவும் பெரியம்மாவும் வண்டியில் வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குள் மிஸ்திரி சிலிண்டரை மாட்டிப் பிஸ்டனையும் இறக்கியிருந்தார். குமிழ் உள்ள இஞ்சின் தலையை மேலே வைத்து முறுக்க வேண்டியதுதான் பாக்கி. நாங்கள் உள்ளே நுழையும்போது அவர் கண்ணை மூடி, நெற்றியையும் நெஞ்சையும் தோள்களையும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதே விரலால் இஞ்சினையும் தொட்டார்.

"ஏய்யா, இஞ்சின் நம்ம இஞ்சினு, சாமி மட்டும் ஒங்க சாமியா?" என்றார் பெரியப்பா.

"வேல செய்யுறவன் கும்புடுறது தானுங்க" என்றார் மிஸ்திரி, சிரித்தபடி.

அவ்வளவுதான் பேச்சு. பெரியவர்கள் மூவரும் அதை அந்த இடத்திலேயே மறந்துவிட்டு, கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடி வால்வைப் பார்க்கப் படியிறங்கிப் போனார்கள். நான் மறக்கவில்லை. இந்த இஞ்சின் இனி ஓடும், ஓடினால் அவர் சாமிதான் ஓட்டிவைத்தது என்றாகிவிடும், அர்ச்சனை செய்த எங்கள் சாமி என்ன ஆவார் என்று எனக்குள் ஒரு பொறாமை எழுந்தது. பக்தி என்று இதை எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்தி இல்லை. பொறாமைதான்.

சிலிண்டரின் வாயைத் தன் துண்டால் அவர் மூடிவிட்டுப் போயிருந்தார். நான் துண்டை விலக்கினேன். உள்ளே பிஸ்டன் தலையும் சுவரும் எண்ணெயில் பளபளத்தன. பொட்டலத்தைப் பிரித்து, 'நமசிவாய' சொல்லி, ஒரு கை திருநீற்றை உள்ளே போட்டேன். அது போதாது என்று தோன்றி இன்னொரு கை. எண்ணெயில் அது ஊறி ஓரங்களில் இறங்கியது; மேலே திட்டாக நின்றதையும் உள்ளே போகட்டும் என்று விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். எந்தப் பொடியும் ஆகாது என்று முந்தின நாள்தான் கேட்டிருந்தேன். ஆனால் திருநீறு எப்படிப் பொடியாகும்? திருநீறு திருநீறுதானே? சாண உருண்டையை உமி மூட்டம் போட்டுச் சுட்ட சாம்பல் அது, உமிச் சாம்பலும் கலந்தது. அதே உமிச் சாம்பலைப் புளியோடு வைத்து நான் தினமும் பித்தளைச் செம்பைத் தேய்ப்பேன். செம்பில் கோடு விழுகிறது, மெல்லத் தேய் என்று ஆத்தா தினமும் என்னைத் திட்டுவாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை. துண்டை இருந்தபடியே போட்டு மூடிவிட்டு, வெளியே வந்து நின்றுகொண்டேன்.

சாயங்காலம் இஞ்சின் புறப்பட்டது. சக்கரத்தை ஒரே ஆட்டு. 'டொப்' என்ற குரலில் கொட்டகைக் கூரையிலிருந்த குருவிகள் பறந்தன. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்ததைப் பார்த்து அப்பா மிஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆத்தா கற்பூரம் காட்ட வந்து திருநீறு எங்கே என்று கேட்டாள். வண்டியில் கொட்டிவிட்டது என்றேன். "சாமி பிரசாதத்தைக் கொட்டிப்புட்டு வந்து கல்லுப் புள்ளையாராட்டம் நிக்கிறா பாரு" என்று தலையில் குட்டினாள். எனக்கு வலிக்கவில்லை. இஞ்சினுக்குள் இருப்பது யார் என்று எனக்கல்லவா தெரியும்!

மறுநாள் காலையில் மிஸ்திரி ஊருக்குப் புறப்பட்டார். "நாலு நாள்ல பாலன் பொறந்த திருநாளுங்க. வீட்டுல ரெண்டும் பொட்டப் புள்ளைங்க, பாத்துக்கிட்டு இருக்கும்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

அவர் போன அன்று மாலையே இஞ்சினின் குரல் மாறியது. அடுத்த நாள் காலை புகை. மத்தியானம் நின்றேபோனது. சக்கரத்தைச் சுற்றினால் முன்பு மிஸ்திரி காதை வைத்துக் கேட்ட அதே 'உஸ்' சத்தம். அப்பா ஆள் அனுப்பினார். திருநாளுக்கு முந்தின நாள், வெயில் ஏறுவதற்குள் மிஸ்திரி வந்து சேர்ந்துவிட்டார். இருட்டோடு கிளம்பி மிதித்து வந்திருக்க வேண்டும்; சட்டையெல்லாம் புழுதி.

தலையைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே இழுத்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். புது ரிங்குகள் ஓரம் மழுங்கிப் பள்ளத்துக்குள் ஒட்டிக்கிடந்தன. சிலிண்டர்ச் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாய்க் கீறல். பள்ளத்துக்குள் வெளுத்த களிம்பு மாதிரி ஏதோ இறுகியிருந்தது.

பெரியப்பா குனிந்து பார்த்தார். "இது என்ன? அந்தப் பொடிதானே? கழுவவே இல்லையா?"

"மூணு தடவ கழுவுனேங்க."

"மூணாவது கழுவலை யாரு பாத்தா? நான் அளந்து ஊத்துன சீமெண்ணெ அதுக்குள்ள போச்சா, இல்ல ஆவூருக்குப் போச்சா? திருநாளுல்ல வருது. வீட்டுல விளக்கு எரியணும்ல?"

அப்பா, "அண்ணே, விடுங்க" என்றார். ஆனால் மெதுவாகத்தான் சொன்னார். வயலில் கதிர் காய்ந்துகொண்டிருந்தது.

மிஸ்திரியின் முகம் சுண்டிப்போயிற்று. "பாப்பா பக்கத்துல இருந்துச்சுங்க. அதுதான் வெள்ளத் துணியில தொடச்சுப் பாத்துச்சு. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா கேட்டார்: "ஏ பாப்பா, நீ தொடச்சியா? துணி வெள்ளையா இருந்துச்சா?"

ஆமாம் என்று ஒரு சொல். அதற்குமேல் எதுவும் வேண்டாம். ஆனால் ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் இது எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி என்னிடம் வந்து நிற்கும். சாமி பிரசாதம் வண்டியில் கொட்டவில்லை என்பதும் வெளியே வரும்.

"எனக்குத் தெரியாதுப்பா. நான் பாக்கலே" என்றேன்.

மிஸ்திரி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, கடையில் சில்லறையைத் தவறாக வாங்கிவிட்ட ஆள் கையை விரித்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு குனிந்து, ரிங்குப் பள்ளத்திலிருந்து அந்தக் களிம்பைக் கொஞ்சம் நகத்தால் சுரண்டினார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நிமிர்ந்து அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். பெரியப்பாவின் நெற்றியைப் பார்த்தார். கடைசியில் என் நெற்றியைப் பார்த்தார். மூன்று நெற்றியிலும் மூன்று மூன்று கோடு.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சின்னப் புள்ளைய எதுக்குங்க கேட்டுக்கிட்டு? என் கையிலதான் தவறிருக்கும். சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்றார்.

"அப்படி வா வழிக்கு" என்றார் பெரியப்பா.

மிச்சமிருந்த இரண்டு ரிங்கு, பழசில் கொஞ்சம் தேறிய ஒன்று. அதை வைத்துக்கொண்டு மறுபடியும் தேய்ப்பு, மறுபடியும் கழுவல். இந்த முறை பெரியப்பா நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து மூன்று கழுவலையும் எண்ணினார். திருநாள் அன்று காலையில் நான் கஞ்சி கொண்டுபோனபோது மிஸ்திரி புங்கமரத்தடியில், ஆவூர் இருக்கும் திசை பார்த்து முழந்தாளிட்டிருந்தார். நான் வந்தது தெரிந்ததும் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். விஷயம் கேட்ட ஆத்தா, பாவம் என்று பணியாரம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். ஒன்றை மட்டும் தின்றுவிட்டு, மற்றதைக் காகிதத்தில் கட்டிச் சைக்கிள் பையில் வைத்துக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சிலிண்டருக்குள் விரலை விட்டுப் பார்க்க இந்த முறை என்னை அவர் கூப்பிடவில்லை. பிஸ்டனை இறக்கிய பிறகு சிலிண்டரின் வாயைத் துண்டால் மூடி, சணல் கயிற்றால் இறுகக் கட்டினார். சாப்பாட்டையும் இஞ்சின் பக்கத்திலேயே, ஒரு கையை அதன்மேல் வைத்தபடியே உட்கார்ந்து சாப்பிட்டார். வேலையை முடிக்கிற அவசரம் என்று நினைத்தேன்.

இஞ்சின் ஓடியது. முன்னைப் போல் இழுக்கவில்லை, ஆனாலும் ஓடியது. ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் கிடந்ததில் மேல்வயல் மணி பிடிக்காமல் சாவியாகப் போய்விட்டது. கீழ்வயல் பிழைத்தது. 'நம்ம சாமி முழுசாக் கைவிடலே' என்று அப்பா சொல்லிக்கொண்டார். மிஸ்திரியைப் பற்றிப் பெரியப்பா போகிற இடமெல்லாம் சொன்னார். கழுவாமல் மாட்டுகிற ஆள், சீமெண்ணெய் விஷயத்தில் கை சுத்தமில்லை என்று. அடுத்த வருஷம் எங்கள் இஞ்சினுக்கு இலுப்பூரிலிருந்து வேறொருவர் வந்தார். நாலு மைல் தள்ளியிருந்த அந்த இஞ்சினுக்கும் இலுப்பூர்க்காரரே போனதாகக் கேள்விப்பட்டேன். பேச்சென்று வந்தால் மட்டும் பெரியப்பாவின் வட்டாரம் நாலு மைலையும் தாண்டிப் போய்விட்டிருந்தது.

மிஸ்திரிக்குத் தெரியாமலே போய்விட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அந்த நிம்மதி கொஞ்ச காலம். வயது வந்த பிறகு, அவர் முகர்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. தெரிந்துதான் இருக்கிறது, சின்னப் பெண் அடி வாங்கக் கூடாதென்று என்னைக் காப்பாற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுகமாகக்கூட இருந்தது. கோயிலில் அவருக்காக ஒரு விளக்கும் போட்டுவந்தேன். ஆவூர் ஒன்றும் எட்டாத ஊர் இல்லை. பஸ் ஏறினால் போய்விடலாம். போகவில்லை. விளக்குத்தான் போட்டேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஒன்னயக் காப்பாத்தத்தான் சொல்லாம விட்டாருன்னா நெனக்கிறே? ஒரு வேதக்காரர், ஒங்க கொட்டகையில நின்னுக்கிட்டு, 'ஒங்க சாமி திருநீறு இஞ்சினைக் கெடுத்துருச்சு'ன்னு ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? உசுரோட சைக்கிள் ஏறியிருப்பாரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வாயை அடைத்தது அன்பு இல்லை. சொல்ல அவருக்கு இடமே இருந்ததில்லை. இடம் இருந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். வெள்ளையாக வந்தது என்று நான் சொல்லியிருந்தால் ஓர் அடியோடு போயிருக்கும்.

அவர் கடைசியாகப் புறப்பட்ட காலையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்பாவும் பெரியப்பாவும் மடை மாற்றப் போயிருந்தார்கள். மிஸ்திரி பையைச் சைக்கிளில் கட்டினார். நான் கொட்டகை வாசலில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுக் கொஞ்சதூரம் போனவர், நின்று, திரும்பி வந்தார். அக்கம் பக்கம் பார்த்தார். குரலை இறக்கி,

"பாப்பா, ஒன் விரலு சரியாத்தான் பாத்துச்சு. அன்னைக்குத் துணி வெள்ளையாத்தான் வந்துச்சு" என்றார்.

அந்த ஊரில் அவர் தன் பக்கத்தைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். அதனால்தான் திரும்பி வந்து சொன்னார். எனக்கு அது தெரியவில்லை. என் விரலை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, பல்லெல்லாம் தெரிய அவரைப் பார்த்துச் சிரித்தேன்.